பூட்டுப் போட்ட கிணறு

உப்புக் கரிக்கும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேநீரில் அம்மா உப்புப் போடவில்லை. கிணறுதான் போட்டிருந்தது.

புத்தூரில் எங்கள் வீட்டு வளவுக் கிணறு நல்ல தண்ணீருக்குப் பெயர் போனது. அதைக் கெடுத்தவன் நான். படித்த பிள்ளை என்ற மிடுக்கில், துலா மிதித்து இறைப்பதெல்லாம் பழைய காலத்து வேலை என்று பெற்ற ஐயாவின் காதில் இரண்டு வருடம் ஓதி, மண்ணெண்ணெயில் ஓடும் மெஷின் ஒன்றை வாங்கவைத்தேன். மெஷின் வந்ததும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வாய்க்கால் நிரம்ப விட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்க்கவேண்டும் என்பதற்காக, தேவையில்லாத நேரத்திலும் விட்டேன். அடுத்த கோடையில் கிணறு உவர்த்துப்போயிற்று. எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் கடல் தண்ணீர் கீழேயும் கிடக்கிறது, மேலே உள்ளதை அவசரப்பட்டு இழுத்தால் கீழே உள்ளது ஏறிவரும் என்று ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்து விளக்கினார். எனக்கு அது புதிய சங்கதி அல்ல. உயர்தர வகுப்பில் படித்த பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து அம்மா விடிந்ததும் கோயில் கிணற்றுக்குப் போய்க் குடிதண்ணீர் சுமந்து வந்தார். அது வெறும் வாயால் குடிக்கத்தான், தேநீருக்கும் சமையலுக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நான் சுமக்கிறேன் என்றால் குடத்தைத் தரமாட்டார். ஐயா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னார், இந்த மாரிக்குள் வீட்டில் குடிக்கத் தண்ணீருக்கு ஒரு வழி பிறக்காவிட்டால், வளவைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்வோம் என்று. அம்மா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அப்படியான ஒரு காலையில், கரிக்கும் தேநீரோடு நின்ற என்னிடம் தபாற்காரர் ஒரு கடுதாசியைத் தந்தார். என் பேனா நண்பன் கிஷன் எழுதியது. இந்தியாவின் மேற்கு ஓரத்தில், ஜெய்சல்மேர் என்ற பழைய பாலைவன நகரத்தில் அவன் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கடுதாசியோடு மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றின் படம். பின்பக்கத்தில் இரண்டு வரி: எங்களுக்கு மழை வருடத்தில் சில நாள்தான். ஆனால் என் அம்மா தரும் தண்ணீரைப்போல் இனிப்பான தண்ணீரை நீ குடித்திருக்கமாட்டாய்.

தேநீரைக் கீழே ஊற்றினேன். மழையே இல்லாத ஊரில் இனிப்புத் தண்ணீர் என்றால், அந்த இரகசியத்தை நேரில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து புத்தூரில் நட்டுவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

ஐயா கேட்டார்: "நிலாவரையைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு, தண்ணி பாக்கப் பாலைவனத்துக்குப் போறியோ?"

அடி காணாத கிணறு என்று வெளியூர்க்காரர் பஸ் பிடித்து வந்து பார்க்கும் நிலாவரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். ஆனாலும் போனேன்.

துணைக்கு வந்தவன் தவம். வல்வெட்டித்துறை. என்னோடு படித்தவன். அவனுடைய மாமன்மார் பாய்க்கப்பலில் பர்மா வரை போய்வந்தவர்கள். அந்தப் பெருமையை அவன் தன் பெருமையாகவே கதைப்பான். இராமேசுவரத்துக்குப் போகும் கப்பலில், கடல் குளம்போலக் கிடந்த அன்று, முழுத் தூரமும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

பயணிகள் மார்கழியில் போகும் ஊருக்கு நாங்கள் வைகாசி வெயிலில் போனோம். கடைசி ரயிலில் யன்னலைச் சாத்தினால் வெந்துபோவோம், திறந்தால் மண். இரண்டையும் மாறி மாறிச் செய்து இரண்டு பலனையும் அனுபவித்தோம். இறங்கும்போது தவம், பொரிக்கப்போகும் மீனை மாவில் பிரட்டி எடுத்ததுபோல் இருந்தான். மெல்லிய, கறுத்த இருவர் வருவார்கள் என்று நான் எழுதியிருந்ததால், கிஷன் எங்களைத் தாண்டி இரண்டு தரம் நடந்துபோய் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினான்.

கிஷனும் நானும் ஒருவருக்கொருவர் எழுதியே ஆங்கிலம் பழகியவர்கள். முதல் அரைமணி நேரம் கடிதம் எழுதுவதுபோலவே கதைத்தோம். தங்கள் பெற்றோர் நலமா, தங்கள் ஊரின் காலநிலை எவ்வாறு என்று அவன் கேட்க, நான் நெற்றியில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, மிக்க நலம் என்றேன்.

அவனுடைய வீடு கோட்டைக்குக் கீழே ஓர் ஒடுங்கிய சந்தில். மஞ்சள் கல்லால் கட்டிய வீடு. அவனும் தாயாரும்தான். தாயாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், குரலும் நடையும் பொலிஸ்காரருடையவை. அவன் 'மா' என்றான், நாங்களும் 'மா' என்றோம். நான் கொண்டுபோன பனங்கட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு, இது எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டார். குறிப்பெழுதக் கொண்டுபோன கொப்பியில் ஒரு பனையை வரைந்து காட்டினேன். கொப்பே இல்லாத மரத்தை யாரோ ஏமாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

குளிப்பதற்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாளி தந்தார்கள். எங்கள் ஊரில் கிணற்றடியில் நின்று நாற்பது வாளி ஊற்றாவிட்டால் அதற்குக் குளிப்பு என்று பெயரில்லை. இங்கே ஓர் அகன்ற பித்தளைத் தட்டுக்குள் பலகை போட்டு, அதில் குந்தியிருந்து குளிக்கவேண்டும். தட்டில் தேங்கிய தண்ணீரை மா எடுத்துத் துணி அலசினார். அலசிய தண்ணீரால் முற்றத்தைத் துடைத்தார். மிச்சம் ஒரு வாடிய செடிக்கு. எங்கள் இருவருடைய ரயில் அழுக்கோடும் அந்தச் செடி மறுநாள் நிமிர்ந்து நின்றது.

சாப்பாடு, தடித்த கம்பு ரொட்டியும் நெய்யும். பாலைவனப் பற்றையில் காய்க்கும் பிஞ்சுகளைக் காயவைத்து எண்ணெயில் வதக்கிய கறி. எங்கள் வத்தல் வகைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எனக்குப் பிடித்தது. மீன், இறைச்சி என்று மச்சமே கண்டிராத வீடு என்று தெரிந்ததும் தவத்தின் முகம் மாறியது. அவனுடைய பைக்குள் ஒரு பொதி நெத்தலிக் கருவாடு இருந்தது. அந்தப் பையைத் தலையணையாக வைத்துக்கொண்டு படுத்தான். இரண்டு நாளில் ஊர்ப் பூனைகள் முழுவதும் எங்களைத் தெரிந்துகொண்டன.

சாப்பிட்டபின் மா தந்த தண்ணீர்தான் நான் தேடிவந்த தண்ணீர். உண்மையில் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் ஒரு மெல்லிய மண் வாசம். முற்றத்தின் நடுவே தரையோடு ஒரு வட்ட வாய், அதற்கு மரமூடி, பக்கத்தில் கயிறும் வாளியும். மூடிக்கு ஒரு பெரிய இரும்புப் பூட்டு. பூட்டின் திறப்பு மாவின் இடுப்பில் தொங்கியது. நெய்ச்சட்டி பூட்டில்லாமல் குசினியில் இருந்தது. தண்ணீருக்குப் பூட்டு.

"பிள்ளையள் விழாமல் இருக்கவாக்கும்," என்றான் தவம்.

அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதுமாக இருந்தது. கொப்பியில் 'கிணறு. ஆழம் தெரியவில்லை. ஊற்று நல்லது' என்று எழுதினேன்.

இரண்டாம் நாள் கோட்டை. வெளியிலிருந்து பார்த்தால் மணலில் ஒரு பெரிய சிங்கம் படுத்திருப்பதுபோல். உள்ளே போனால் சனம் குடியிருக்கிறது. பீரங்கியின்மேல் யாரோ தலைப்பாகை காயப்போட்டிருந்தார். கல்லிலே சரிகை போலச் செதுக்கிய யன்னல்கள், அதற்குப் பின்னால் வெங்காயம் உரிக்கும் பெண்கள். வழிகாட்டி ஒவ்வொரு மாளிகைக்கு முன்னும் நின்று மூச்சு வாங்காமல் சரித்திரம் சொன்னார். நான் ஒவ்வொரு மாளிகையிலும் கிணறு எங்கே என்று கேட்டேன். நாலாவது மாளிகையில் அவர் கிஷனிடம் ஏதோ சொன்னார். கிஷன் மொழிபெயர்த்தான்: "உன் விருந்தாளிக்குத் தாகமென்றால் முதலில் குடிக்கக் கொடு, பிறகு கூட்டிக்கொண்டு வா."

ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் கல்லைக் குடைந்து குழாய்போல் செய்த பீலிகள் கீழ்நோக்கி இறங்குவதைக் கண்டேன். அதையும் எழுதிவைத்தேன். அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. 'கற்பீலிகள். அலங்காரத்துக்கு.' இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கிஷன் ஏன் எனக்கு விளக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நிலத்தடி நீரைப்பற்றி அவனுக்கு நான் எழுதிய கடிதங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது என்று அந்த அப்பாவி நம்பிவிட்டான்.

மூன்றாம் நாள் விடியவே மணற்குன்றுகளுக்குப் போனோம். ஒட்டகத்தில் ஏறியதும் தவத்துக்கு மாமன்மாரின் இரத்தம் சூடேறியது. காற்று தென்மேற்கு என்றான். குன்றுகள் அலைபோலத்தான், குறுக்கே வெட்டிப் போகவேண்டும் என்றான். மூக்குக் கயிற்றைச் சுக்கான்போல ஒரு பக்கம் பிடித்து இழுத்தான். ஒட்டகம் நின்றது, யோசித்தது, முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. தவம் அதன் கழுத்தைத் தாண்டிப்போய் மணலில் முகம் பதித்தான். ஒட்டகக்காரர் அவசரப்படாமல் வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "சும்மா இருக்கச் சொல்லுங்கள்," என்றார். "ஒட்டகத்துக்கு வழி தெரியும்."

"பர்மாவுக்குப் போற வழியோ மச்சான்?" என்று நான் கேட்டேன். திரும்பும்வரை அவன் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கிண்டலுக்கு மறுநாளே எனக்குத் தண்டனை கிடைத்தது.

நாலாம் நாள் மாவும் கிஷனும் லோத்ருவா என்ற பழைய ஊரில் உறவினர் வீட்டுச் சடங்குக்குப் போனார்கள். வெயிலுக்கு நாங்கள் வரவில்லை என்றோம். புறப்படும்போது மா இடுப்பிலிருந்த திறப்பை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என் கையில் வைத்தார். தாகமெடுத்தால் குடியுங்கள் என்று சைகை காட்டினார்.

அவர்கள் போனதும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தோம். அடியில் இடுப்பளவு தண்ணீர்.

"கிணறு இறைச்சுக் கனகாலம் போலை," என்றான் தவம். "அதுதான் மண் மணக்குது."

எங்கள் ஊரில் கிணறு மணந்தால் இறைத்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒருதரம் நாலு பேராய்ச் சேர்ந்து, அடி காணும்வரை கலக்கி இறைத்து, சேறு வாரிவிட்டு இருந்தால், சாயந்தரமே புது ஊற்று ஊறிவிடும். சுத்தமான தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவார்கள். அயல் வீட்டுக் கிணற்றுக்கும் இந்த உதவி செய்வதுண்டு. மூன்று நாள் சோறு போட்டவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய கைம்மாறு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் கெட்டித்தனமாகவும் தோன்றியது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொடங்கினோம். தவம் அள்ள, நான் வாங்கிச் சந்துக்குள் ஊற்றினேன். நூறு வாளிக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். தண்ணீர் சந்து வழியே ஓடிற்று. ஆடுகள் வந்தன. கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு உரக்க ஏதோ சொன்னார். எங்கள் உழைப்பைக் கண்டு மலைத்துவிட்டார் என்று நினைத்து, பரவாயில்லை, எங்களுக்கு இது பழக்கம் என்று நான் கைகாட்டினேன். அவர் குடங்களைக் கொண்டுவந்து ஊற்றும் வாளிக்குக் கீழே பிடிக்கத் தொடங்கினார். பாவம், உதவி செய்கிறார் என்றான் தவம்.

இரண்டு மணிநேரத்தில் வாளி அடியில் முட்டியது. தவம் கிணற்று வாயோரம் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டான்.

"என்ன, ஊத்துத் தெரியுதோ?"

"இல்லை."

"வடிவாய்ப் பார்."

அவன் நெஞ்சுவரை உள்ளே சரிந்தான். பிறகு உள்ளிருந்து அவனுடைய குரல் எதிரொலித்தது.

"மச்சான், தரை தெரியுது. சாந்து பூசின தரை. எங்கடை குசினித் தரை மாதிரி."

நானும் படுத்துப் பார்த்தேன். சுவர் முழுவதும் வழவழவென்று சாந்து. அடியும் சாந்து. மேலே ஒரு பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம். அந்தத் துவாரத்திலிருந்து என் கண் முற்றத்துக்குப் போனது, முற்றத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து கூரையின் பீலிக்கு. அலங்காரத்துக்கு என்று நான் எழுதிய பீலி. அது கிணறு அல்ல. போன வருடத்து மழை. கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும் பூட்டிவைத்து, அடுத்த மழைவரை குடிக்கும் தொட்டி. அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஓடிப்போய்விடலாமா என்று தவம் கேட்டான். நான் மறுக்கவில்லை. திறப்பு என் கையில் இருந்ததால்தான் ஓடவில்லை.

மாலையில் அவர்கள் வந்தார்கள். ஈரச் சந்தைக் கண்டதுமே மாவின் நடை மாறியது. வந்து தொட்டிக்குள் பார்த்தார். முற்றத்திலேயே குந்திவிட்டார். கிஷன் ஆங்கிலத்தையும் தன் பாஷையையும் ஒருமிக்க மறந்துபோய் நின்றான். நான் கடிதத்தில் எழுதும் சொற்களால் மன்னிப்புக் கேட்டேன். எவ்வளவு கேவலமாக ஒலித்தன அவை. எங்கள் ஊரில் கிணற்றை இப்படித்தான் சுத்தம் செய்வோம் என்று சொல்லிமுடித்தேன்.

மா கிஷனிடம் ஒரு கேள்வி கேட்டார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உங்கள் ஊரில் கிணற்றுக்குத் தண்ணீர் தானாக வருமா என்று கேட்கிறார்."

ஓம், வரும் என்றேன்.

மா என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை அவன் மொழிபெயர்க்க விரும்பவில்லை. நான் வற்புறுத்தினேன்.

"அப்படியென்றால் தண்ணீரைப்பற்றி உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்கிறார்."

உவர்த்துப்போன எங்கள் கிணற்றைப்பற்றி மாவுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வீட்டுத் தண்ணீரை இறைத்து முடித்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தே சொன்னதுபோல் இருந்தது.

அன்று இரவு குடிக்க, எதிர்வீட்டுப் பெண் தான் பிடித்துவைத்த குடங்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்த்து, காலையில் நான் கைகாட்டியதுபோலவே கைகாட்டிவிட்டுப் போனார்.

விடிந்ததும் மா என்னைத் தொட்டிக்குள் இறக்கினார். மழைக்கு முன் எப்படியும் கழுவவேண்டிய தொட்டிதான், அதையாவது ஒழுங்காகச் செய் என்றார். உள்ளே குந்தியிருந்து தேய்க்கத் தேய்க்கத்தான் அதன் கணக்கு முழுவதும் எனக்குப் பிடிபட்டது. மழைத்தண்ணீர் நேரே தொட்டிக்கு வராது. முதலில் ஒரு சின்னக் குழிக்குள் விழுந்து மண்ணை அங்கே விட்டுவிட்டுத்தான் வரும். முற்றம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் இருக்கிறது. வாய் ஒடுக்கம், வயிறு அகலம். என் சாணால் அளந்து மேலே கத்த, தவம் கொப்பியில் எழுதினான். ஊற்று நல்லது என்ற வரியை அவன் பெரிதாக வெட்டிவிட்டதைப் பிறகு கண்டேன்.

பிறகு சுமை. தொட்டி காய்ந்தால் சாந்து வெடித்துவிடும் என்றார் மா. நாலு நாள், காலையும் மாலையும், ஊருக்கு வெளியே உள்ள கடிசர் ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். பயணிகள் படம் பிடிக்கும் ஏரி அது. தண்ணீருக்குள்ளே கல் மண்டபங்கள், படித்துறை, வாயிலில் வளைவுகள். அவற்றின் அழகைப்பற்றி என்னால் ஒன்றும் சொல்லமுடியாது, குடம் தலையில் இருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே தண்ணீர் சுமப்பது பெண்கள். மூன்று குடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு கதைத்தபடி போவார்கள். நாங்கள் ஒரு குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரைவாசியைத் தோளில் ஊற்றினோம். அவர்கள் எங்களுக்காகப் பாட்டுக் கட்டிவிட்டார்கள். கிஷன் அதற்கு மொழிபெயர்ப்புத் தரவில்லை.

சுமக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் நடுவழியில், கழுத்து முறிந்துவிடும்போல் இருந்தபோது, அம்மா கோயில் கிணற்றிலிருந்து வரும் தூரம் எவ்வளவு என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை.

புறப்பட்ட அன்று மா பூட்டைத் திறந்து, தானே ஒரு வாளி அள்ளி, எங்கள் போத்தலை நிரப்பினார். "இது நீ சுமந்த தண்ணீர்," என்றார். "ஊற்றாமல் குடி." பிறகு சிரித்தார். தொட்டியை நாங்கள் இறைத்த பிறகு முதல் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். தொட்டியை இறைத்த இடம் வந்ததும் அம்மா சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கிணறு உவர்த்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கண்டதில்லை. கொப்பியை ஐயாவுக்கு முன்னால் விரித்து, எங்கள் ஓட்டுக்கூரை, அதற்குப் பீலி, மண் தங்கச் சின்னக் குழி, குசினிப் பக்கமாகத் தொட்டி என்று கீறிக் காட்டினேன். தோட்டத்துக்கு இது காணாது, ஆனால் ஒரு மாரி மழை நாலு பேருக்கு வருடம் முழுதும் குடிக்கக் காணும் என்றேன்.

ஐயா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "ஊரெல்லாம் தண்ணி வாற கிணறு வெட்டுறான். நீ வராத கிணறு கட்டப்போறாய்," என்றார். பிறகு, "கல்லுக் கடினம். உடைக்க அலவாங்கு ரெண்டு வேணும்," என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வன்னியைப்பற்றி மாரி முடியட்டும், பாப்பம் என்றார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "உவையள் உண்மையாய்த் தண்ணிக்குப் பூட்டுப் போடுறவையோ?"

"ஓம் அம்மா."

அடுத்த சந்தை நாளில் சுன்னாகத்திலிருந்து மரக்கறியோடு ஒரு பூட்டும் வாங்கிவந்தார். குழியே இன்னும் வெட்டவில்லை, அதற்குள் என்னத்துக்குப் பூட்டு என்று கேட்டேன்.

"குழி எப்பவும் வெட்டலாம் மோனை," என்றார். "முதல் உன்னட்டையிருந்து காப்பாத்த வேணுமெல்லோ."

திறப்பு இப்போது அம்மாவின் சீலைத்தலைப்பில் முடிச்சாக இருக்கிறது. சனிக்கிழமை தவம் வருகிறான். குசினிக்குப் பின்னால் கயிறு பிடித்து வட்டம் கீறிவைத்திருக்கிறேன். ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை கோயில் கிணற்றுக்கு நான் போகிறேன். நேற்றுத்தான் அம்மா குடத்தைத் தந்தார்.